'என்ர்யொ' என்னும் ஜப்பானியச் சொல்: ஒரே சொல் தடுக்கவும் அழைக்கவும் செய்வது எப்படி?

கேள்வி: அல்லித்தண்டு

ஜப்பானிய மொழியை ஓராண்டுக்கும் மேலாகத் தனியாகப் படித்து வருகிறேன். புதிய சொல் எதைக் கண்டாலும் ஒரு சிறிய அட்டையின் முன்பக்கத்தில் சொல்லையும் பின்பக்கத்தில் தமிழ்ப் பொருளையும் எழுதிவைத்து, நாள்தோறும் புரட்டிப் பார்ப்பது என் வழக்கம். 'நாற்காலி', 'மழை', 'கடன் வாங்குதல்' போன்ற சொற்களுக்கு இந்த முறை நன்றாகவே உதவுகிறது. ஆனால் 'என்ர்யொ' என்ற சொல்லின் அட்டையை மட்டும் மூன்று முறை அடித்துத் திருத்திவிட்டேன். இன்னமும் அது சரியாக அமையவில்லை.

முதலில் அகராதியைப் பார்த்துத் 'தயக்கம்' என்று எழுதினேன். பிறகு அருங்காட்சியகம் ஒன்றின் அறிவிப்புப் பலகையைக் காட்டும் பாடத்தில் 'ஸட்ஸுஏ வ கொ-என்ர்யொ குதஸய்' என்ற வாக்கியம் வந்தது. 'ஸட்ஸுஏ' என்பது படம் எடுத்தல் என்பதும், 'குதஸய்' என்பது ஒன்றைச் செய்யுமாறு பணிவுடன் கேட்கும் சொல் என்பதும் எனக்குத் தெரியும். படம் எடுக்கத் தயங்குங்கள் என்று ஒரு பலகை ஏன் கேட்க வேண்டும் என்பது விளங்கவில்லை. பாடத்தின் குறிப்போ, 'படம் எடுக்கக் கூடாது' என்றே பொருள் கூறியது. ஆகவே அட்டையில் 'தடை' என்று மாற்றினேன்.

சில பாடங்கள் கழித்து, வீட்டுக்கு வந்த விருந்தினர் முன் தட்டை நகர்த்தி வைத்தபடி வீட்டுக்காரர் 'கொ-என்ர்யொ நகு, தோஸொ' என்று சொல்லும் உரையாடல் ஒன்றைப் படித்தேன். அங்கே அதன் பொருள் 'தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்' என்பதாகும். மூன்றாவதாக, வேலை முடிந்ததும் மது அருந்தச் சேர்ந்து போகலாம் என்று சக ஊழியர் அழைக்கும்போது, மற்றவர் 'க்யோ வ என்ர்யொ ஷிதெ ஒகிமஸு' என்கிறார். 'இன்றைக்கு நான் வரவில்லை' என்பது இதன் கருத்து என்று குறிப்பில் இருக்கிறது.

பலகையில் தடுக்கிறது, விருந்தில் அழைக்கிறது, உரையாடலில் மறுக்கிறது. இவை மூன்றும் ஒரே பொருளின் மூன்று முகங்களா, அல்லது தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டிய மூன்று வழக்குகளா? இதன் எழுத்துகளை எப்படி வாசிப்பது என்பதையும், நான் இதை எங்கே பயன்படுத்தலாம், எங்கே பயன்படுத்தக் கூடாது என்பதையும் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


மறுமொழி: மூங்கில்நிழல்

மூன்றும் ஒரே பொருள்தான். தங்களுக்குச் சிக்கலை உண்டாக்கியது 'தயக்கம்' என்ற முதல் மொழிபெயர்ப்பு என்று நினைக்கிறேன். தயக்கம் என்பது மனத்துக்குள் நிகழ்வது. செய்யலாமா வேண்டாமா என்று ஒருவர் முடிவெடுக்க முடியாமல் நிற்கும் நிலை அது. 'என்ர்யொ' அப்படிப்பட்ட தடுமாற்றத்தைக் குறிப்பதில்லை. எதிரே இருப்பவரையோ சூழ்ந்திருப்பவர்களையோ எண்ணிப் பார்த்து, தான் செய்ய விரும்பும் ஒன்றைச் செய்யாமல் ஓரடி பின்வாங்கி நிற்பதை அது குறிக்கிறது. அதில் தடுமாற்றம் சிறிதும் இல்லாமலும் இருக்கலாம். முழு உறுதியோடு ஒருவர் 'என்ர்யொ' செய்ய முடியும். முழு உறுதியோடு ஒருவர் தயங்க முடியாது.

இந்தப் பொருளை வைத்துக்கொண்டு தங்களுடைய மூன்று வாக்கியங்களையும் மறுபடி வாசித்துப் பாருங்கள். பலகையில் உள்ள வாக்கியம், 'படம் எடுக்கும் விருப்பத்தை மற்றவர்களை முன்னிட்டு விட்டுக்கொடுங்கள்' என்கிறது. விருந்து கொடுப்பவர், 'எங்களை எண்ணி நீங்கள் பின்வாங்க வேண்டியதில்லை' என்கிறார். மதுவுக்கு வராதவர், 'இன்று நான் பின்வாங்கிக்கொள்கிறேன்' என்கிறார். பின்வாங்குதல் மூன்றிலும் இருக்கிறது. அதைக் கேட்கிறார்களா, வேண்டாம் என்கிறார்களா, தாமே செய்கிறார்களா என்பதில்தான் வேறுபாடு.

இனி ஒவ்வொன்றின் இலக்கணத்தையும் பார்க்கலாம். 'என்ர்யொ' ஒரு பெயர்ச்சொல். 'செய்' என்று பொருள்படும் 'ஸுரு' என்ற வினையைச் சேர்த்தால் அது வினையாகிவிடும்; 'என்ர்யொ ஸுரு' என்றால் ஒதுங்கிக்கொள்ளுதல், தவிர்த்துக்கொள்ளுதல். எதைத் தவிர்க்கிறோமோ அந்தச் செயப்படுபொருளின் பின்னால் 'ஒ' என்ற வேற்றுமை உருபு வரும். பலகையில் அந்த இடத்தில் 'வ' வந்திருப்பதற்குக் காரணம், 'படம் எடுப்பதைப் பொறுத்தவரை' என்று அந்தச் செயல் தனியே எடுத்துக் காட்டப்படுவதாகும்.

பலகை வாக்கியத்தின் அமைப்பு வேண்டுகோள்தான். ஆனால் நடைமுறையில் அது தடையே என்பதைத் தாங்கள் மறக்கக் கூடாது. ஜப்பானியத்தில் நேரடியாகத் தடை செய்வதற்குக் 'கின்ஷி' என்ற சொல் இருக்கிறது. 'ஸட்ஸுஏ கின்ஷி' என்று எழுதிய பலகைகளும் உண்டு. இரண்டு பலகைகளுக்கு முன்னும் படம் எடுக்காமல் இருப்பதே எதிர்பார்க்கப்படுகிறது. ஆனால் 'கின்ஷி' விதியைச் சொல்கிறது. 'என்ர்யொ' வந்திருப்பவரின் நல்லெண்ணத்தைத் துணைக்கு அழைக்கிறது. வேண்டுகோள்தானே, விருப்பம்போல நடக்கலாம் என்று இதைப் படிக்கும் மாணவர்கள் பலர் எண்ணிவிடுகிறார்கள். அது தவறு மட்டுமன்று. அந்தப் பலகையை எழுதியவர் காட்டிய மரியாதையைக் கவனியாமல் விட்டதாகவும் ஆகிவிடும்.

'கொ-என்ர்யொ நகு' என்பதில் 'நகு' என்றால் 'இல்லாமல்'. தமிழில் இதற்கு மிக நெருங்கி வருவது 'சங்கோஜப்படாமல்' என்று நாம் சொல்வதுதான். 'சங்கோஜப்படாமல் கேளுங்கள்', 'சங்கோஜப்படாமல் எடுத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்கிற இடங்களிலெல்லாம் ஜப்பானியர்கள் 'கொ-என்ர்யொ நகு' என்பார்கள். அலுவலக மடல்களின் இறுதியில், ஐயம் ஏதேனும் இருந்தால் கேட்கலாம் என்று எழுதும்போதும் இதே தொடர்தான் வரும். ஆனால் 'சங்கோஜம்' என்பதையே அட்டையில் எழுதிவிடாதீர்கள். அருங்காட்சியகப் பலகையில் அது பொருந்தாது.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. தொடக்கத்தில் உள்ள 'கொ' என்பது மரியாதை முன்னொட்டு. அது பின்வாங்குபவருக்குரிய மரியாதை. ஆகவே பிறருடைய 'என்ர்யொ'வைப் பற்றிப் பேசும்போதுதான் அதைச் சேர்க்க வேண்டும். விருந்து கொடுப்பவர் 'கொ-என்ர்யொ நகு' என்று சொன்ன பிறகு, விருந்தினர் ஏற்றுக்கொள்வதானால், 'தெவ, என்ர்யொ நகு இததகிமஸு' என்பார். 'அப்படியானால் சங்கோஜப்படாமல் எடுத்துக்கொள்கிறேன்' என்பது அதன் பொருள். விருந்தினர் தம்மைப் பற்றிச் சொல்வதால் 'கொ' மறைந்துவிட்டது. தமக்குத் தாமே 'கொ' சேர்த்துக்கொள்வது, நாம் நம்மைப் பற்றிச் சொல்லும்போது 'நான் வந்தருளினேன்' என்பது போலாகிவிடும்.

மறுப்பு வாக்கியத்தில் உள்ள 'ஷிதெ ஒகு' என்ற அமைப்பு தமிழருக்கு மிக எளிதில் விளங்கக்கூடியது. 'ஒகு' என்ற வினைக்கு 'வை' என்றே பொருள். 'ஷிதெ ஒகு' என்பது எழுத்துக்கு எழுத்து நம்முடைய 'செய்து வை'தான். நாம் 'சொல்லி வைத்தேன்', 'எழுதி வைத்தேன்' என்று 'வை'யைத் துணைவினையாக்குவது போலவே அவர்களும் செய்கிறார்கள். 'இப்போதைக்கு இப்படி இருக்கட்டும்' என்ற தொனி அதனால் கிடைக்கிறது. 'வரமாட்டேன்' என்பதன் கூர்மை குறைகிறது.

இந்த வடிவம் நிகரானவர்களிடம் பொருந்தும். மேலதிகாரி அழைத்தால் 'என்ர்யொ ஸஸெதெ இததகிமஸு' என்பதே முறை. 'பின்வாங்கிக்கொள்ளத் தங்கள் அனுமதியைப் பெறுகிறேன்' என்பதைப் போன்ற அமைப்பு அது. ஆனால் இலக்கணம் எவ்வளவு பணிவாக இருந்தாலும், காரணமோ வருத்தமோ சொல்லாமல் இதை மட்டும் சொன்னால் கதவைச் சாத்தியது போல் ஒலிக்கக்கூடும். அன்பாக அழைத்தவரிடம், அழைத்ததற்கு நன்றியும் வர இயலாததற்கு வருத்தமும் சொல்லிவிட்டு இதைச் சொல்வதே நல்லது.


மறுமொழி: எழுத்தாணி

பொருளைப் பற்றி மூங்கில்நிழல் அவர்கள் கூறியதோடு முழுமையாக உடன்படுகிறேன். வாசிப்பைப் பற்றிய கேள்விக்கு நான் விடை எழுத விரும்புகிறேன், ஏனெனில் இந்தச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதும்போதே பலர் தவறிவிடுகிறார்கள்.

தாங்கள் 'என்ர்யொ' என்று எழுதியிருப்பது மகிழ்ச்சி அளிக்கிறது. இதை 'என்றியோ' என்று எழுதியிருந்தால், 'கன்று', 'நன்றி' ஆகிய சொற்களில் வருவது போல இடையில் ஒரு டகர ஒலி நம் நாவில் தானாகவே வந்துவிடும். னகர ஒற்றை அடுத்து றகரம் வந்தால் நாம் அப்படித்தான் படிப்போம். ஜப்பானியத்தில் அந்த ஒலி இல்லை. இடையின ரகரத்தையே எழுதி, 'ன்' என்பதை முழுதாக ஒலித்து முடித்த பிறகு நாவை எடுத்து ரகரத்துக்குச் செல்ல வேண்டும்.

இந்தச் சொல்லை ஜப்பானியரின் ஒலியெழுத்தான ஹிரகானாவில் எழுதினால் நான்கு எழுத்துகள் வரும்: 'எ', 'ன்', 'ரி', அதன்பின் சிறியதாக எழுதப்படும் 'யொ'. ஆனால் ஒலிப்பில் மூன்று தாளங்கள் மட்டுமே உண்டு. சிறிய 'யொ' தனக்கு முன்னுள்ள 'ரி'யோடு கலந்து 'ர்யொ' என்ற ஒரே தாளமாகிவிடுகிறது. நம் இலக்கணத்தில் ஒற்றெழுத்துக்கு அரை மாத்திரைதான்; ஜப்பானியத்திலோ 'ன்' ஒரு முழுத் தாளம் பெறும். தமிழ்ப் பழக்கத்தில் அதை விரைந்து கடந்துவிடுகிறோம். 'எ' என்பதற்கு எவ்வளவு நேரம் கொடுக்கிறீர்களோ அவ்வளவு நேரம் 'ன்' என்பதற்கும் கொடுங்கள். 'ரியொ' என்று இரண்டாகப் பிரிப்பதைப் பிழையென்று சொல்லக் காரணம் உண்டு: 'ப்யோஇன்' என்றால் மருத்துவமனை, 'பியோஇன்' என்றால் அழகு நிலையம். இந்த இரண்டையும் மாற்றிச் சொல்லி வழி கேட்டால் வேறு இடத்தில் போய் நிற்க வேண்டியிருக்கும்.

இறுதி உயிர் குறில் என்பதையும் கவனிக்க வேண்டும். எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் தனித்தனி எழுத்தாக வைத்திருக்கும் மொழி நம்முடையது. ஆகையால் ஜப்பானியக் குறில் நெடில் வேறுபாட்டைக் காதால் பிடிப்பது நமக்குக் கடினமில்லை. அந்த வசதியைப் பயன்படுத்தாமல் எல்லாவற்றையும் 'யோ' என்று நீட்டி எழுதிப் பழகுவது வருத்தத்துக்குரியது. டோக்கியோ ஒலிப்பில் முதல் தாளம் தாழ்ந்தும் அடுத்த இரண்டும் உயர்ந்தும் வரும். பின்னால் சேரும் உருபிலும் அந்த உயர்வு இறங்காது.

ஆனால் வேறொரு வகையில் தமிழ் எழுத்து நமக்கு இங்கே துணை செய்யாது. 'கொ-என்ர்யொ' என்பதில் உள்ள ககரம் 'குரு' என்று சொல்லும்போது வருகிற மெல்லிய ஒலி. 'நகு' என்பதில் உள்ள ககரமோ 'பக்கம்' என்பதில் உள்ள வல்லொலி, ஆனால் இரட்டிக்காதது. 'குதஸய்' என்பதன் முதல் ககரமும் வல்லொலியே. ஜப்பானியர்கள் ஒரே ஹிரகானா எழுத்தின் மேல் வலப்புற மூலையில் இரண்டு சிறு கோடுகள் இட்டு மெல்லொலியைக் காட்டிவிடுகிறார்கள். நாம் இடத்தை வைத்து ஊகிக்கப் பழகியவர்கள். ஆகவே தாங்கள் அட்டையின் முன்பக்கத்தில் தமிழில் எழுதாமல் ஹிரகானாவிலேயே எழுதுவது நலம்.

இனிக் கான்ஜி, அதாவது சீனத்திலிருந்து ஜப்பானியம் ஏற்றுக்கொண்ட எழுத்துகள். சொல்லில் இரண்டு எழுத்துகள் உள்ளன. இரண்டும் சீன வழி வாசிப்பைப் பெறுகின்றன. முதல் எழுத்துக்குத் 'தொலைவு' என்று பொருள். சீன வழி வாசிப்பு 'என்', ஜப்பானிய வழி வாசிப்பில் 'தோஇ', அதாவது தொலைவான. 13 கோடுகள் கொண்ட இந்த எழுத்தை ஜப்பானியக் குழந்தைகள் தொடக்கப் பள்ளியின் 2-ஆம் வகுப்பிலேயே கற்றுக்கொள்கிறார்கள். சிற்றுலாவைக் குறிக்கும் 'என்ஸொகு', என்றென்றும் என்னும் பொருளுள்ள 'எஇஎன்' ஆகிய சொற்களிலும் இதே எழுத்துதான் வருகிறது. இரண்டாவது எழுத்துக்கு 'ஆழ்ந்து எண்ணுதல்' என்று பொருள், வாசிப்பு 'ர்யொ'. இது 15 கோடுகள் கொண்டது. பொதுப் பயன்பாட்டுக்கென 2010-ஆம் ஆண்டு திருத்தி வெளியிடப்பட்ட 2,136 எழுத்துகளின் பட்டியலில் இடம்பெறுவது. ஆனால் தொடக்கப் பள்ளியில் கற்பிக்கப்படும் 1,026 எழுத்துகளுள் சேராதது. மேற்பகுதி புலியைக் குறிக்கும் உறுப்பு. கீழ்ப்பகுதி 'நினைத்தல்' என்ற எழுத்து, அதன் அடியில் இதயம். போர்க்கைதியைக் குறிக்கும் 'ஹொர்யொ' என்ற சொல்லின் இரண்டாம் எழுத்தும் அதே புலி உறுப்பைக் கொண்டு 'ர்யொ' என்றே வாசிக்கப்படுவதால், புலியைக் கண்டதும் 'ர்யொ' என்று நினைவில் கொள்ள முடிகிறது.

இந்த 'ர்யொ'வைத் தனியாகக் கற்பது வீண்போகாது. பிறர் நலம் கருதி ஒன்றைச் செய்யும் அக்கறை 'ஹய்ர்யொ'. கணக்கில் எடுத்துக்கொள்வது 'கோர்யொ'. கவலையோடு எண்ணுவது 'யூர்யொ'. நாளிதழில் நாள்தோறும் காணக்கூடிய சொற்கள் இவை.


மறுமொழி: பழஞ்சுவடி

எழுத்தாணி அவர்கள் எழுத்துகளின் பொருளைச் சொல்லிவிட்டு, தொலைவும் எண்ணமும் சேர்ந்து எப்படிப் 'பின்வாங்குதல்' ஆயிற்று என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார். இந்தச் சொல்லில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தப் பயணம்தான்.

சீனத்தில் இதன் பொருள் வெளிப்படையானது: தொலைவில் வரப்போவதை எண்ணிப் பார்த்தல், அதாவது தொலைநோக்கு. கன்பூசியஸின் உரைகளைத் தொகுத்த 'லுன் யூ' நூலின் 15-ஆம் இயலில், தொலைவில் உள்ளதை எண்ணாதவனுக்குத் துன்பம் அருகிலேயே நேரும் என்ற கருத்துடைய வரி ஒன்று உண்டு. அங்கே வருவது இதே இரண்டு எழுத்துகள்தாம். ஜப்பானியர்களும் முதலில் இந்தப் பொருளிலேயே சொல்லை ஏற்றார்கள். இன்றும் 'ஷிம்போ என்ர்யொ' என்ற நான்கெழுத்துத் தொடரில் பழைய பொருள் அப்படியே இருக்கிறது. நெடுங்காலத்தை எண்ணி ஆழமாக வகுத்த திட்டத்தை அது குறிக்கிறது. இந்தத் தொடரைக் கண்டு 'ஆழ்ந்த சங்கோஜம்' என்று பொருள் கொண்டுவிடாதீர்கள்.

பின்விளைவை முன்கூட்டி எண்ணுகிறவன், வாயைத் திறக்கும் முன்னும் கையை நீட்டும் முன்னும் நின்றுவிடுகிறான். எண்ணுதல் என்ற காரணத்தைக் குறித்த சொல், நின்றுவிடுதல் என்ற அதன் விளைவுக்குப் பெயராகிவிட்டது. பொருள் மாற்றத்தில் இது இயல்பான வழி. இன்று சாதாரணமாகப் பேசும் ஜப்பானியர் ஒருவர் 'என்ர்யொ' என்னும்போது தொலைவு என்ற எழுத்தை எண்ணுவதேயில்லை. ஆனால் கற்கும் நாம் அதை எண்ணிக்கொள்வதில் நன்மை இருக்கிறது என்றே கருதுகிறேன்.

இடையில் இந்தச் சொல் ஒரு தண்டனைக்கும் பெயராக இருந்தது. 'எதோ' எனப்படும் காலத்தில், அதாவது 1603 முதல் 1868 வரை நீடித்த தொகுகவா ஆட்சியில், சாமுராய்களுக்கும் துறவிகளுக்கும் விதிக்கப்பட்ட வீட்டுக்காவல் வகைகளுள் லேசான ஒன்று 'என்ர்யொ' எனப்பட்டது. வாயிற்கதவைச் சாத்திவைத்துக்கொண்டு பகலில் வெளியே வராமல் இருக்க வேண்டும். இரவில் ஓசையின்றிச் சென்றுவந்தால் அதைப் பெரிதுபடுத்தமாட்டார்கள். இதைவிடக் கடுமையானதற்குக் 'கதவடைப்பு' என்ற பொருளுடைய 'ஹெஇமொன்' என்று பெயர். பிறர் கண்ணில் படாமல் ஒதுங்கியிருத்தலே தண்டனையாகக் கருதப்பட்டது என்பதையும், அதற்கு இந்தச் சொல்லே பொருத்தமாகப் பட்டது என்பதையும் நினைத்துப் பார்த்தால், அருங்காட்சியகப் பலகையில் இது தடையின் வலிமையைப் பெறுவது வியப்பாகத் தோன்றாது.

எதிர்மறை வடிவத்தைப் பற்றியும் ஒரு குறிப்பு. 'இல்லாத' என்று பொருள்படும் எழுத்தை முன்னால் சேர்த்தால் 'பு-என்ர்யொ' என்றாகும். அந்த எழுத்து பெரும்பாலும் 'மு' என்று வாசிக்கப்பட்டாலும் இங்கே 'பு' என்றுதான் வாசிக்க வேண்டும், அதுவும் 'புத்தி' என்பதில் உள்ள மெல்லொலியோடு. இதன் பொருள் 'தாராளமாக' என்பதன்று. பிறரைப் பற்றிய எண்ணமே இல்லாத நாகரிகக் குறைவு. 'என்ர்யொ நகு' நல்லது, 'பு-என்ர்யொ' கெட்டது. இரண்டையும் 'என்ர்யொ இல்லாமை' என்று ஒரே அட்டையில் எழுதிவைத்தால் பின்னால் வருந்த நேரிடும்.


மறுமொழி: அல்லித்தண்டு

மூவருக்கும் என் நன்றி. பழைய அட்டையைக் கிழித்துவிட்டு, ஹிரகானாவில் புதிய அட்டை எழுதிவிட்டேன். பின்பக்கத்தில் 'பிறரை எண்ணி ஓரடி பின்வாங்குதல்' என்று எழுதியிருக்கிறேன். கற்றதைச் சரிபார்த்துக்கொள்ள நானே மூன்று வாக்கியங்கள் அமைத்துப் பார்த்தேன்; பிழை இருந்தால் திருத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, மருத்துவர் சொன்னதால் மதுவைத் தவிர்த்து வருகிறேன் என்பதற்கு 'ஒஸகெ ஒ என்ர்யொ ஷிதெ இமஸு' என்று எழுதினேன். இரண்டாவது, எந்தப் புத்தகத்தை வாங்குவது என்று தயங்கினேன் என்பதற்கும் 'என்ர்யொ ஷிமஷித' என்றே எழுதினேன். ஆனால் மூங்கில்நிழல் அவர்களின் விளக்கத்தை மறுபடி படித்தபோது இது தவறு என்று எனக்கே தோன்றுகிறது. மூன்றாவது, என் ஆசிரியரிடம், என் பிழைகளைச் சங்கோஜப்படாமல் திருத்துங்கள் என்பதற்குக் 'கொ-என்ர்யொ நகு நஒஷிதெ குதஸய்' என்று எழுதினேன்.

கூடவே இன்னொரு கேள்வியும் எழுகிறது. யாரிடம் 'என்ர்யொ' காட்ட வேண்டும்? எல்லாரிடமும் காட்டுவதுதான் பணிவா?


மறுமொழி: மூங்கில்நிழல்

மூன்றாவது வாக்கியம் நன்றாக அமைந்திருக்கிறது. ஆசிரியருடைய 'என்ர்யொ' ஆகையால் 'கொ' சரியாகவே சேர்ந்திருக்கிறது.

இரண்டாவது தவறு என்று தாங்களே உணர்ந்தது சரி. புத்தகங்களுக்கு நடுவே முடிவெடுக்க முடியாமல் நின்றதற்கு 'மயொத்த' என்ற வினை வேண்டும். வழி தவறுதலுக்கும் தேர்ந்தெடுக்க முடியாமல் குழம்புதலுக்கும் பொதுவான 'மயொஉ' என்பதன் இறந்தகாலம் அது. ஒரு செயலில் இறங்கலாமா என்று மனம் பின்னிழுப்பதற்குத் 'தமெரஉ' என்ற சொல் உண்டு. தங்கள் பழைய அட்டையில் இருந்த 'தயக்கம்' என்ற தமிழ்ச் சொல்லுக்கு உரிய இடம் அதுதான்.

முதல் வாக்கியத்தில் உள்ள பிழை நுட்பமானது. கேட்பவருக்குப் பொருள் விளங்கிவிடும், ஆனால் இயல்பாக இராது. தம் உடல்நலத்துக்காக மதுவைக் குறைப்பதில் எதிரே வேறொருவர் இல்லை. அங்கே 'ஹிகஎரு' என்ற வினையையே பயன்படுத்த வேண்டும்: 'ஒஸகெ ஒ ஹிகஎதெ இமஸு'. அளவைக் குறைத்துக்கொள்வதற்கும், சில காலம் தவிர்ப்பதற்கும், தமக்காகச் செய்யும் கட்டுப்பாட்டுக்கும் அது பொருந்தும். அதே மனிதர் ஒரு விருந்தில் கிண்ணத்தை நீட்டுபவரிடம் 'இன்று வேண்டாம்' என்று சொல்லும்போது மட்டும் 'என்ர்யொ' வரலாம். அங்கே நீட்டிய கை ஒன்று எதிரில் இருக்கிறது.

யாரிடம் என்ற கேள்விக்கு, உளமருத்துவர் தொஇ தகெஒ 1971-ஆம் ஆண்டு ஜப்பானிய மொழியில் வெளியிட்ட 'அமஎ நொ கோஸோ' என்ற நூலில் தெளிவான விடை ஒன்று இருக்கிறது. பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் இடையே 'என்ர்யொ' இல்லை, அங்கே உரிமை நிறைந்திருக்கிறது என்கிறார் அவர். முற்றிலும் அந்நியர்களிடமும் 'என்ர்யொ' இல்லை, அவர்களை எண்ணிப் பார்க்க வேண்டிய தேவை எழுவதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே இருப்பவர்களிடம்தான், அதாவது அறிமுகமானவர்கள், உடன் பணிபுரிபவர்கள், கடமைப்பட்டவர்கள் ஆகியோரிடம்தான் 'என்ர்யொ' செயல்படுகிறது. ஆகவே எல்லாரிடமும் காட்டுவது பணிவாகாது. நெருங்கிய நண்பரிடம் ஓயாமல் 'என்ர்யொ' காட்டினால், 'நீ என்னை வேற்றாளாக நினைக்கிறாய்' என்று அவர் மனம் நோகக்கூடும். 'நமக்குள் என்ர்யொ எதற்கு' என்று ஒருவர் சொன்னால், அது உறவு நெருங்கிவிட்டதற்கான அறிவிப்பு.


மறுமொழி: பழஞ்சுவடி

மூங்கில்நிழல் அவர்கள் சொன்ன அந்த நடுவட்டத்தைக் கண்ணால் காண வேண்டுமானால், பலர் ஒரே தட்டிலிருந்து பகிர்ந்து உண்ணும் ஜப்பானியச் சாப்பாட்டு மேசையைக் கவனிக்கலாம். எல்லாம் தீர்ந்த பிறகு தட்டில் ஒரே ஒரு துண்டு மட்டும் எஞ்சி நிற்கும். எல்லாருக்கும் அதன்மேல் விருப்பம் இருக்கும், ஒருவரும் எடுக்கமாட்டார்கள். ஒசாகாவை உள்ளடக்கிய கன்ஸாய் பகுதி மக்கள் அந்தக் கடைசித் துண்டுக்கு 'என்ர்யொ நொ கதமரி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 'கதமரி' என்றால் கட்டி, திரண்டது. எல்லாருடைய பின்வாங்குதலும் ஒன்றாகத் திரண்டு தட்டில் கிடக்கிறது.

'எடுத்துக்கொள்ளுங்கள்' என்று அதை யாராவது தங்கள் பக்கம் நகர்த்தினால், 'தெவ, என்ர்யொ நகு' என்று மட்டும் சொன்னாலே போதும். மீதி வாக்கியத்தைச் சொல்லாமல் விடுவது வழக்கில் உள்ளதுதான்.


மறுமொழி: அல்லித்தண்டு

'ஹிகஎரு', 'தமெரஉ', 'மயொஉ' ஆகிய மூன்றுக்கும் தனித்தனி அட்டைகள் எழுதி, 'என்ர்யொ' அட்டையோடு சேர்த்து ஒரே கட்டில் வைத்துவிட்டேன். 'என்ர்யொ' அட்டையின் பின்பக்கத்தில் பொருளுக்குக் கீழே, 'எதிரே யார் இருக்கிறார்?' என்று ஒரு வரியைச் சேர்த்திருக்கிறேன்.